எறும்பு கேட்ட இடம்

புறப்படத் தயாராக நின்ற விண்கலத்தின் மேல் ஓர் எறும்பு ஏறியது.

"என்னண்ணே, தூரமா?" என்று விசாரித்தது.

"செவ்வாய் கிரகத்துக்கு. அங்கே ஏதாவது உயிர் இருக்கான்னு தேடணும்" என்றது விண்கலம்.

"இருந்தா?"

"உலகமே கொண்டாடும். உன்னைவிடப் பொடிசா இருந்தாலும் போதும்."

எறும்பு திரும்பிப் பார்த்தது. வெள்ளை அங்கி போட்ட ஒருவர், மருந்தில் நனைத்த துணியால் விண்கலத்தை அங்குலம் அங்குலமாகத் துடைத்துக்கொண்டே வந்தார். காலையில் எறும்பின் தங்கை அந்தத் துணியோடுதான் போனாள்.

"அப்போ என்னையும் கூட்டிட்டுப் போயிடுங்கண்ணே. அங்கே இறக்கி விட்டுட்டு, அப்புறமாக் கண்டுபிடிங்க."

விண்கலம் யோசித்து முடிப்பதற்குள் துணி வந்து போய்விட்டது.

"இதுல ஒரு உயிர்கூட இல்லை. கிளம்பலாம்" என்றார் அவர், திருப்தியாக.