முப்பத்திரண்டாவது கல்

கத்தரிக்கோலின் நுனி எதிலோ தட்டியது.

அவன் கையை நிறுத்தினான்.

பேஸ்போல் திடலுக்குப் பின்னால், மேப்பிள் மரங்களின் கீழ், முப்பத்தொரு கல்லறைக் கற்கள். ரொறன்ரோவுக்கு வெளியே இந்தப் புறநகர் வெறும் வயலாக இருந்த காலத்தில் உழுதவர்களுடையவை. இப்போது எல்லாம் சேர்ந்து நகரசபைப் பூங்கா. மறுநாள் மரபு விழா. கல்லறைகளின் ஓரத்தில் கூடாரம்கூட அடித்தாகிவிட்டது.

சுற்றியுள்ள புல்லை வெட்டுவது அவன் வேலை. மற்றவர்கள் இயந்திரத்தை ஓட்டிவிட்டுப் போவார்கள். நைலோன் கயிறு பட்டால் அந்த மெல்லிய கற்கள் சிராய்க்கும். அவன் முழந்தாளிட்டுக் கையால் வெட்டுவான்.

விரல்களால் தடவினான். வேர். ஈரமண். பிறகு, ஒரு நேர் விளிம்பு.

புல்லைப் பாய் சுருட்டுவதுபோல மெல்ல உரித்தான்.

ஒரு சின்னக் கல் மல்லாந்து கிடந்தது. ஒரு முழம்கூட இல்லை.

நிமலன் அண்ணை வந்து நின்றார். வேலைக்குழுவுக்குப் பொறுப்பு அவர்தான். பருத்தித்துறைக்காரர். கையில் பூங்காவின் வரைபடம்.

“உந்த இடத்தை மூடும் ஐசே.”

“கல்லண்ணை.”

“எனக்கும் கண் தெரியுது. பிளானில முப்பத்தொண்டுதான் கிடக்கு. இப்ப சொன்னா நாடா கட்டி மறிப்பினம். நாளைக்கு வாற சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது? விழா முடியட்டும், பாப்பம்.”

அவன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான். கல்லில் ஊற்றினான்.

மண் கரைந்து ஓடியது. சட்டை நுனியால் துடைத்தான்.

வருடம் அழிந்திருந்தது. பெயரில் பாதிதான் மிச்சம். அதன் கீழே, ஆழமாக வெட்டியதால் தப்பிய ஒரு வரி.

வயது பதினொரு மாதம்.

அண்ணையும் குனிந்து வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு, கழற்றியதற்கு வெட்கப்பட்டவர்போல மறுபடி போட்டுக்கொண்டார்.

அவன் போனை எடுத்து நகரசபை அலுவலகத்துக்குச் சொன்னான்.

அரைமணியில் அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். படம் எடுத்தாள். இரண்டு தடவை அளந்த நிலத்தில் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தனக்குள் முணுமுணுத்தாள். மஞ்சள் நாடாவால் அந்த மூலையை மறித்தாள். கூடாரத்தை வேறிடம் மாற்றவேண்டும் என்றாள்.

அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

அவள் போனபின், இருவருமாகக் கூடாரத்து முளைகளைப் பிடுங்கினார்கள்.

“உமக்கு விசரே?” என்றார் அண்ணை. குரலில் அவ்வளவு கோபமில்லை. “ஆரெண்டே தெரியாத பிள்ளை. நூறு நூற்றைம்பது வருசமிருக்கும். இனித் தேடி வர ஆர் இருக்கினம்?”

அவன் ஒரு முளையை ஆட்டி ஆட்டி இழுத்தான். அது அசையவில்லை.

“என்ர தம்பிக்கும் ஒரு கல்லு வச்சதண்ணை. வன்னியில.”

இன்னும் இழுத்தான்.

“சண்டை முடிஞ்சு எல்லாத்தையும் இடிச்சாங்கள். இப்ப அது அங்க இல்லை. எங்க கிடக்கெண்டும் தெரியாது.”

அண்ணை வந்து முளையின் மறுபக்கத்தைப் பிடித்தார். சேர்ந்து இழுத்தார்.

கூடாரத்தைத் திடல் பக்கம் கட்டி முடிக்க ஐந்து மணியானது. வேலை நேரம் முடிந்துவிட்டது. அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

அண்ணை வரவில்லை.

திரும்பிப் பார்த்தான்.

கடைசி வரிசைக்கும் வேலிக்கும் இடையில் அண்ணை முழங்காலில் இருந்தார். கையுறைகளைக் கழற்றி வைத்திருந்தார். விரல்களைப் புல்லுக்குள் விட்டு, அடி அடியாகத் தடவிக்கொண்டு நகர்ந்தார்.