தனி நத்தையின் முட்டைகள்

புருஷன் ஃபைஸல் மவுத்தாகி, விதவை நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஃபஹ்மியா இருந்த இரண்டாம் மாதம். மீன் தொட்டிக் கண்ணாடியில், தண்ணீருக்கு மேலே, இளஞ்சிவப்பாய் முட்டைக் குலை ஒட்டியிருந்ததை மாமியார் ஜுனைதா கண்டுவிட்டார்.

"ஆண் நத்தை எப்பவோ செத்துப்போச்சு. தனி நத்தை எப்பிடி முட்டை போடும்? ஆரோ புதுசா ஒண்டைக் கொண்டுவந்து விட்டிருக்கு. இத்தா வீட்டுக்குள்ள எந்த ஆம்பிளை வந்தது?"

"அல்லாஹ்வறிய ஒருத்தரும் வரல்ல மாமி."

"அப்ப ஏன் நடுங்கிறாய்?"

முந்தல் ஊரில் வளர்ப்பு மீன் விற்கும் நஸீருக்கு ஜுனைதா போன் எடுத்தார்.

"ஆணுட வித்து பெண் நத்தையிட வயித்துல மாசக்கணக்கா இருக்கும் மாமி. ஆண் செத்தாலும் முட்டை போடும்" என்றான் அவன்.

ஜுனைதாவின் முகம் இளகியது. ஃபஹ்மியாவோ இன்னும் நடுங்கிக்கொண்டுதான் நின்றாள்.

"இனி என்ன புள்ள பயம்?"

"ஆறு வருஷமா வயித்துல தங்காதது இப்ப தங்கியிருக்கு மாமி. அவர் போன பிறகுதான் எனக்கே தெரியும். இதையும் ஆருடையெண்டு கேப்பீங்களெண்டு..."

ஜுனைதா கதிரையில் அமர்ந்துவிட்டார். பிறகு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இத்தா முடிய உன்ட காக்கா வந்து தன்ட தங்கச்சியைக் கூட்டிப் போயிருவாரெண்டு நான் பயந்துகொண்டிருந்தேன். இனிப் பிள்ளை பிறக்கும்வரை இத்தா. எங்கேயும் போக ஏலாது!"