பக்கத்து சீட்

அந்தப் பெண்ணை ஏன்தான் சேர்த்தோம் என்று மேனேஜர் நொந்துகொண்டார். பயிற்சி முடித்து வந்திருந்த எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். வேலைக்கு வந்தவளா வம்புக்கு வந்தவளா என்றே தெரியவில்லை.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய லாரிக் கம்பெனி அது. நெடுந்தூர வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார்; வண்டி நிற்காது. யாருடன் சேர்ந்து ஓட்டுவது என்பதைப் புதிதாகச் சேர்கிறவர்களே சொல்லலாம். கம்பெனி காட்டும் பெருந்தன்மை அது ஒன்றுதான்.

இப்போது அந்த எட்டுப் பேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவருடன் ஓட்டியவர் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். இன்று யாரும் இவரோடு வர ஒப்புக்கொள்ளாவிட்டால், வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். இவர் லாரிகள் நிற்கும் யார்டில் கேட் திறந்து மூட வேண்டியதுதான்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, நாற்பத்தேழு," என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அங்கே டிரைவருக்கு வண்டி நம்பர்தான் பெயர்.

டிரைவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒப்பித்தார். "கம்பெனி குடும்பம் மாதிரி. கஷ்டம்னு சொன்னா உடனே கவனிப்பாங்க."

"வீட்டுக்கு எப்ப விடுவாங்க?" என்று பின்வரிசையிலிருந்து அவள் கேட்டாள்.

டிரைவர் முதன்முறையாகச் சுவரை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தவர் குடிக்காமலே மூடினார்.

"கேட்டா விடுவாங்க," என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"நான் அவரைக் கேட்டேன் சார்."

"இந்த லோடு மட்டும் முடிச்சுட்டுப் போங்கன்னு சொல்வாங்க," என்றார் டிரைவர். "அது முடியறப்போ இன்னொண்ணு ரெடியா இருக்கும்."

மேனேஜர் இருமினார். டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க சண்டை போடறதில்லையா?"

"முதல்ல போட்டேன். அப்புறம் விட்டுட்டேன்."

"கோபமே வராதா?"

"கோபம், வருத்தம் எதுவுமே வர்றதில்ல இப்பல்லாம்." உண்மைதான். மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்க?"

"தூங்கலாம்னுதான் போவேன். ஆனா எஞ்சின் சத்தம் இல்லாம கண்ணை மூட முடியாது."

"பக்கத்துல வாஷிங் மெஷினை ஓட விட்டா வந்துடுமே தூக்கம்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் மட்டும் சிரிக்காமல், "வரும்," என்று தலையாட்டினார்.

அவள் விடுவதாயில்லை. "உங்க வீட்டுல இருக்கறவங்க பாவமில்லையா?"

"பாவந்தான். போன்ல நல்லாருக்கேன்னு சொல்வாங்க. நானும் நல்லாருக்கேன்னு சொல்வேன்."

"அவங்க சொன்னதை நம்பினீங்களா?"

டிரைவர் மறுபடியும் பாட்டிலைத் திறந்தார். இதற்குள், போன் வந்த பாவனையில் ஒருவன் நழுவினான். அவனைப் பார்த்து அடுத்தவன். பக்கத்து அறையில் வேறு சீனியர் டிரைவர்கள் தங்களுக்கு ஆள் பிடிக்க இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளுடையதைத் தவிர எல்லா நாற்காலியும் காலி.

மேனேஜருக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. "முடிஞ்சுது. சாவியைக் கொடுத்துட்டு யார்டுக்குப் போங்க, நாற்பத்தேழு. உங்களுக்கு இப்ப திருப்தியாம்மா?"

டிரைவர் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் சாவியை விட்டு நகர மறுத்தது.

"நான் இவர்கூடப் போறேன் சார்," என்றாள் அவள்.

மேனேஜர் தன் காதையே நம்பவில்லை. "இவர்கூடவா? இவ்வளவு நேரம் மனுஷனை நார் நாராக் கிழிச்சீங்களே!"

"அதனாலதான் சார். மத்தவங்க யாரும் வரலையே."

மேனேஜர் உட்கார்ந்தார். ஒரு வண்டிக்கு ஆள் கிடைத்த நிம்மதி ஒரு பக்கம். பின்னால் ஏதாவது வில்லங்கம் வருமோ என்ற பயம் ஒரு பக்கம். "இங்க பாருங்கம்மா. வாரக்கணக்குல ஒரே கேபின். ஒருத்தர் தூங்கறப்போ ஒருத்தர் ஓட்டணும். அப்புறம் உங்க வீட்டுக்காரர் இங்க வந்து சத்தம் போடக் கூடாது. அவர்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"எங்க சார் கேக்கறது? டிரெய்னிங்ல சேர்ந்ததையே இன்னும் அவர்கிட்ட சொல்லல. நேர்ல சொல்லிக்கலாம்னு மூணு மாசமா காத்துக்கிட்டிருந்தேன். வீட்டுப் பக்கம் வந்தாத்தானே அந்த மனுஷன்!"

அவள் எழுந்து மேஜையருகே வந்தாள். சாவியை எடுத்து டிரைவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடினாள்.

"என்னங்க, கூட வரட்டுமா?"