கல்யாணக் கோட்டு

கொடியில் சொட்டிக்கொண்டிருந்த கம்பளிக் கோட்டைப் பார்த்ததும் இன்பமணிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் உப்பு!

“எங்கப்பா ஆசை ஆசையா தைச்சுத் தந்த கல்யாணக் கோட்டு! இதைப் போட்டுக்கிட்டா அலையில நின்னு தூண்டில் வீசுறது?”

கணவன் கிருபாநிதி மெல்லச் சொன்னான்: “கோடைன்னா துண்டு போதும். மழைக்குச் சாக்கைப் போத்திக்கிடலாம். மார்கழி வாடைக்குக் கம்பளிதான் சரி. நனைஞ்சாலும் குளிரு தெரியாது.”

“நியாயம் வேறயா? யுத்த காலத்துல தூத்துக்குடி முழுக்க அலைஞ்சாலும் இந்தத் துணி கிடைக்குமா? நாளைக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எதைப் போடுவிய? நாசரேத்துலருந்து பண்டிகைக்கு வந்திருக்க அப்பா இதைப் பார்த்தா மனசு என்ன பாடுபடும்?”

“ஏளா, சத்தம் போடாத. மாமா தூங்குதாவ.”

“இப்பவே எழுப்பிக் காட்டுதேன். உங்க லட்சணத்தை அவங்களே கேக்கட்டும்!”

ஈரக் கோட்டை உருவிக்கொண்டு அறைப்பக்கம் பாய்ந்தாள். அதற்குள் கதவு திறந்தது. தோளைத் தடவிக்கொண்டே வந்த அப்பா, மகளைக் கவனிக்காமல் மருமகனிடம் சலித்துக்கொண்டார்.

“கோட்டு அக்குள்ல பிடிக்கி மாப்ள, தூண்டிலை எட்டி வீசவே முடியல. அன்னைக்கே என் அளவுக்குத் தைச்சிருக்கணும்!”