கூண்டில் ஏறிய மகள்

கிருமாம்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட காசம்மாள், கோர்ட்டு வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கேஸும்மா?" என்று கேட்டார் அங்கே காவலுக்கு நின்ற ஏட்டு பாக்யராஜ்.

"துப்பாக்கி கேஸுய்யா. எம் பொண்ணு இன்னிக்குக் கூண்டுல ஏறுது."

"பொண்ணா? அது கையிலயா துப்பாக்கி இருந்துச்சி?"

"ரெண்டு மாசமா அதுகிட்டதான்யா இருந்துச்சி. நாலு தபா சுட்டுக்கூடப் பாத்துச்சாம்."

"அடப்பாவமே! இத வெளிய சொல்லிக்கினு இருக்காத" என்று ஏட்டு அவளை ஓரமாக உட்காரவைத்தார்.

உள்ளே "ஆரோக்கியசெல்வி!" என்று அழைத்தார்கள். காசம்மாள் துள்ளி எழுந்தாள். அவள் மகள் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றாள்.

மேசைமேல் இருந்த துப்பாக்கியைக் காட்டி, "இது எந்த வகை?" என்று கேட்டார் நீதிபதி.

"ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துவிடும் வகை இல்லை, ஐயா. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் ஆட்டோமேட்டிக்கும் இல்லை. ஒரு அழுத்துக்கு ஒரு குண்டுதான். அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும். செமி ஆட்டோமேட்டிக். தடயவியல் ஆய்வகத்தில் நானே சுட்டுச் சோதித்தேன்."

ஏட்டு திகைத்துப்போய்த் திரும்பினார். "அம்மா, உங்க பொண்ணு ஆபீசரா?"

காசம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"நான் கைநாட்டுய்யா. எம் பொண்ணு சொல்லச் சொல்ல ஜட்ஜய்யா எழுதிக்கிறாரு, பாருங்க!"