அக்காவின் சான்றிதழ்

பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவின் குமாஸ்தா, கவுண்ட்டரில் நின்ற அம்மாவிடமும் மகளிடமும் இரண்டு படிவங்களை நீட்டினார்.

"ஒண்ணு மூத்தவங்க இறப்புக்கு, ஒண்ணு உங்க பிறப்புக்கு. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் வேலை நடக்கும்."

இறப்புப் படிவத்தைப் பார்த்ததும் மகளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இன்றோடு அக்கா ஒழிந்தாள்.

உண்மையில் அவள் ஒழிந்து ஐம்பத்தாறு வருஷம். இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். காகிதத்தில்தான் யாரும் சாகவிடவில்லை.

அடுத்துப் பிறந்த இவளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா அக்காவின் பிறப்புச் சான்றிதழையே கொண்டுபோய் நீட்டிவிட்டார். இவளுக்கென்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது.

அச்சகத்தில் பைண்டிங் வேலை. அக்காவின் வயதுப்படி அடுத்த மாதம் ரிடையர்மென்ட். இவள் வயதுப்படி இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

பெயர் அவளுடையது. பிறந்த நாள் அவளுடையது. இப்போது வேலைக்கும் உலை வைக்கிறாள்.

செத்தவள் மேல் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனாலும் பட்டாள், நினைவு தெரிந்த நாளிலிருந்து பட்டாள். அக்காவுக்கு எந்தப் பல் முதலில் முளைத்தது, எந்தக் கிழமை நடந்தாள், எல்லாம் அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். இவள் எப்போது பிறந்தாள் என்று கேட்டால் மட்டும், நல்ல மழை, தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் என்பாள்.

மழையாம்! பெற்ற பிள்ளைக்கு வானிலை அறிக்கை.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

"தேதி தெரியலைன்னா உத்தேசமா ஒண்ணு போடும்மா," என்றாள் மகள் குத்தலாக.

அம்மா நிமிரவே இல்லை. எங்கும் தயங்காமல் இரண்டையும் எழுதி முடித்துக் கொடுத்தாள்.

குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்னம்மா, மூத்தவங்க இறந்த தேதியும் இவங்க பொறந்த தேதியும் ஒண்ணா இருக்கே. தப்பாப் போட்டுட்டீங்களா?"

"தப்பு இல்லைய்யா. காலையில அவ போனா, சாயந்திரம் இவ வந்தா." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அக்காவை முழுங்கிட்டுப் பொறந்தவன்னு நாலு பேர் இவளைச் சொல்லிடக் கூடாதுன்னு அந்தத் தெருவையே விட்டு வந்தோம். அதான் ரெண்டையும் எங்கயும் எழுதலை. இவகிட்டயும் சொல்லலை."

குமாஸ்தா இறப்புப் படிவத்தை முன்னால் இழுத்து, முத்திரையை மையில் ஒற்றினார்.

"இருங்க சார்," என்று மகள் கவுண்ட்டருக்குள் கையை விட்டு அக்காவின் படிவத்தை எடுத்துக்கொண்டாள்.