ஆந்தைக்கு யார் முகம்?

“முதல்ல எங்கம்மா மூக்கைக் கிள்ளி எடுங்க. அப்புறம் அந்த ரெண்டு கண்ணையும் தோண்டிப் போடுங்க” என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“கத்தாத. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?” என்ற பேக்கரிக்காரன், கையில் கத்திரிக்கோலோடு தட்டின் மேல் குனிந்தான்.

தட்டு நிறைய ஆந்தை பன்கள். வயிற்றில் ஆப்பிள் பூரணம், கண்ணுக்கு உலர் திராட்சை, அதன் மேல் இமையாகப் பாதாம் சீவல். போன பண்டிகைக்கு முயலும் ஆமையும் போட்டு அலுத்துப்போனதால், இந்தத் தடவை ஆந்தை என்று கடை வாசலில் பெரிதாக எழுதிவேறு வைத்துவிட்டான்.

பிடித்து வைத்தபோது எல்லாம் ஒழுங்கான ஆந்தைகளாகத்தான் இருந்தன. ஈஸ்ட் வேலை செய்து மாவு உப்பியதும்தான் வினை வந்தது. கன்னம் பெருத்து, கழுத்து காணாமல் போய், இமை பாதி சரிந்து, கூட்டல் தப்பிய பில்லைப் பார்த்தால் மாமியார் முறைப்பாரே, அதே முறைப்பு தட்டு முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தது.

“சத்தியமா அத்தையை நினைச்சுச் செய்யலடி.”

“நினைக்காமலேயே இவ்வளவு பொருத்தமா வருமா? மனசுல இருக்கிறதுதானே கையில வரும்!”

அவளைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். கடை மாமியாருடையது. ‘எனக்கு இனிமே முடியாது, பண்டிகையன்னைக்கு வந்து சாவியைக் குடுத்துடறேன்’ என்று அவர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். மூத்த மாப்பிள்ளையிடமும் இதையே சொல்லிவிட்டு, காபியில் சர்க்கரை குறைந்ததற்காகச் சொன்னதைத் திரும்ப விழுங்கிய வாய்தான் அது. வருடக்கணக்காக இந்த அடுப்போடு சேர்ந்து வெந்தவன், இந்த முகங்களை எப்படி அவர் முன் வைப்பான்?

பண்டிகை இன்றைக்குத்தான்; அவர் வருவதற்குள் வேறு மாவு பிசைந்து உப்பவைக்க நேரமில்லை. மூக்கை அமுக்கிப் பார்த்தான். அது மெதுவாக எழும்பி, முன்னைவிட எடுப்பாக வந்து நின்றது. காதைக் கத்திரிக்கோலால் நறுக்கி நிமிர்த்தினான். அத்தை புதுக் கம்மல் போட்டுக்கொண்டது போலாயிற்று. பூனையாகவே மாற்றிவிடலாம் என்று கடைசியில் கிராம்பைச் செருகி மீசை வைத்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “எங்கம்மாவுக்கு மீசை வேறயா? மொதல்ல இருந்ததே தேவலை.”

மீசையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டை அடுப்புக்குள் தள்ளினான். வேகும்போதாவது முகம் கொஞ்சம் கோணிக்கொள்ளும் என்று நம்பினான். கோணவில்லை. பொன்னிறமாக வெந்து வெளியே வந்தபோது, அதுவரை பொருந்தாமல் இருந்த நிறமும் பொருந்திவிட்டது.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. தட்டின் மேல் துணியைப் போட்டு அவன் நிமிர்வதற்குள் மாமியார் உள்ளே வந்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, புதுசா ஏதோ ஆந்தையாமே? காட்டுங்க பாப்போம்.”

“சூடா இருக்கு அத்தை, அப்புறமா…”

அவரே துணியை விலக்கினார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆந்தைகள் அவரை முறைத்தன. அவர் ஆந்தைகளை முறைத்தார். மனைவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

திடீரென்று மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போனான். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடேயப்பா! அப்படியே உங்கம்மா!”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “எ… எங்கம்மாவா?”

“பின்ன யாரு? அந்தக் கன்னமும் அந்த மூக்கும்! நான் புதுக் கார் வாங்கினப்ப ஒரு மொறைப்பு மொறைச்சாங்களே, அதே மொறைப்பு. உண்மையைச் சொல்லுங்க மாப்பிள்ளை, அவங்களை நினைச்சுத்தானே செஞ்சீங்க?”

சம்பந்திகள் இருவரும் பேசிக்கொண்டால் சர்க்கரையாகக் கொட்டும். எறும்பு கடிப்பது மற்றவர்களைத்தான். பெற்றவளா, பேக்கரியா என்று அவன் ஒரு கணம் தடுமாறினான். ‘சொல்லித் தொலைங்களேன்’ என்று மனைவி கண்ணாலேயே மிரட்டினாள்.

“ஆமா அத்தை! எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ! எங்கம்மாவேதான். பொறந்ததுலேருந்து பார்க்கிற மூஞ்சியாச்சே, தானா கையில வந்துடுச்சு. இதோ, தொங்குது பாருங்க தாடை, அதுகூட அவங்களோடதுதான்!”

மாமியாருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் மாமியார் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“வெளியில என்ன வேடிக்கை, உள்ள வாங்க சம்பந்தி! உங்களை உங்க பையனே வேகவச்சு அடுக்கி வச்சிருக்காரு!”